முரசுக்குப் படியளந்தவர்கள்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலை, நான் படித்த பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. அம்பத்தூர்ப் பகுதியில் உள்ள, அரசு உதவி பெறும் பள்ளி அது. பெயர் இங்கே வேண்டாம். தலைமையாசிரியர் என்னைவிட வயதில் இளையவர். "ஐயா, நம் பள்ளி பேண்டை மறுபடியும் தொடங்கலாம் என்றிருக்கிறோம். பழைய மாணவர்களுக்கும் எஸ்டேட்டில் உள்ள கம்பெனிகளுக்கும் அனுப்ப, நன்கொடை கேட்டு ஒரு கடிதம் வேண்டும். நீங்கள் தமிழ்ப் பேராசிரியர், நீங்கள் எழுதினால் கல்லும் கரையும்" என்றார்.

கல் கரைவது பற்றி எனக்கு ஐயமுண்டு. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அதற்கு நான் சான்று கண்டதில்லை. எனினும் ஒப்புக்கொண்டேன். காரணம், அந்த பேண்டில் நானும் இருந்தவன். 1990களின் முற்பகுதியில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சைடு டிரம் அடித்தேன். எட்டு சைடு டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி சிம்பல், ஆறு பியூகிள். அவ்வளவுதான் எங்கள் படை. கிளாரினெட்டோ டிரம்பெட்டோ கிடையாது. பியூகிள் என்பது வால்வு எதுவும் இல்லாத வெறுங்குழல். விரலுக்கு அதில் வேலையில்லை. உதட்டின் இறுக்கத்தால் மட்டுமே சுரம் மாறும். ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப என்று ஐந்து சுரங்கள் கிடைக்கும். பள்ளிப்பிள்ளையின் உதட்டில் அந்த ஐந்தும் வந்துவிட்டாலே மாஸ்டர் முகம் மலர்ந்துவிடும்.

மாஸ்டர் போலீஸ் பட்டாலியன் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆவடியிலிருந்து சைக்கிளில் வருவார். சனிக்கிழமை மாலைகளில் மைதானத்தின் வேப்பமரத்தடியில் எங்களை வரிசையாக நிறுத்தி, டிரம் இல்லாமல் முதலில் தொடையில் அடிக்கச் சொல்வார். "டிரம் அப்புறம்டா தம்பி, முதல்ல கால் பேசணும்" என்பார். அவருக்கு என்ன ஊதியம் தரப்பட்டது என்று அன்று நாங்கள் எண்ணியதே இல்லை. பிள்ளைகளிடம் மாதம் ஐந்து ரூபாய் வாங்கியதும், அதை எல்லோரும் தரவில்லை என்பதும், தராதவர்களை அவர் ஒருநாளும் வரிசையிலிருந்து விலக்கவில்லை என்பதும் மட்டுமே நினைவில் இருக்கின்றன. தராதவர்களில் நானும் ஒருவன்.

நான் பள்ளியை விட்ட சில ஆண்டுகளில் அந்த பேண்டு நின்றுபோயிற்று. பணமின்மையால் நின்றது என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உண்மை சற்று விசித்திரமானது. அது நின்றபோது பள்ளியில் முன்னெப்போதையும் விட நல்ல வாத்தியங்கள் இருந்தன. வசதியான பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையார் நினைவாக ஒரு முழு செட் வாங்கித் தந்திருந்தார். பெரிய டிரம்மின் முகத்தில் நீல வண்ணத்தில் தந்தையார் பெயர் எழுதப்பட்டிருந்தது. விழா எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், நிழற்படம் எடுத்தார்கள். மாஸ்டருக்கு மாதாமாதம் யார் தருவது என்ற பேச்சு மட்டும் எழவில்லை. அவர் வருவது குறைந்தது. பிறகு நின்றது. புதிய வாத்தியங்கள் பத்திரமாக இரும்பு பீரோவுக்குள்ளும், பீரோவில் கொள்ளாத பெரிய டிரம் அதன் மேலும் போய்ச் சேர்ந்தன.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது இந்த பீரோதான் கண்ணில் நின்றது. முரசையும் கொம்பையும் நம்மவர்கள் எப்படிப் போற்றி வந்தார்கள், யார் யாருக்குப் படியளந்தார்கள் என்று பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன். கடிதம் ஒரு பக்கம் நகர்ந்தது, இந்தக் கட்டுரை மறுபக்கம் வளர்ந்தது.

தமிழ் படித்தவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது சங்க இலக்கியம்தான். வீரமுரசு, நியாயமுரசு, தியாகமுரசு என்று மூவகை முரசுகளை நம் மரபு பேசுகிறது. இவற்றுள் தியாகமுரசு கொடைமுரசு. கொடுப்பதை அறிவிக்கவே ஒரு முரசு இருந்ததென்றால், நன்கொடையும் முரசும் நம்மிடம் எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும். மோசிகீரனார் அறியாமல் முரசுகட்டிலில் உறங்கியதும், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை உருவாமல் விசிறி எடுத்து வீசியதும் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதில் முரசுக்கு உள்ள மரியாதை தெரிகிறது. முரசு அறைந்தவன் அன்றிரவு என்ன உண்டான் என்பது தெரிவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஆற்றுப்படைக்குப் போகவேண்டும். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம், இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ, இன்னது கிடைக்கும் என்று சொல்வதே அந்த இலக்கிய வகை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். இன்று நன்கொடை திரட்டுபவர்கள் புரவலர் பட்டியல் என்று எதைக் கைமாற்றிக்கொள்கிறார்களோ, அதை நம் முன்னோர் கவிதையாக வைத்திருந்தார்கள் எனலாம். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர் கூட்டம் தம் வாத்தியங்களையெல்லாம் பைகளில் கட்டிச் சுமந்து நன்னனின் மலைநாட்டை நோக்கி நடக்கிறது. முழவும் கொம்பும் குழலும் தூம்பும் தோளில் தொங்க, ஒரு முழு பேண்டே நடந்து போகும் காட்சி அது. போய்ச் சேர்ந்தால் கிடைப்பது விருந்து, உடை, பொற்றாமரை, யானை, தேர். யாவும் ஒருமுறை கிடைப்பவை. பரிசில் என்ற சொல்லின் இயல்பே அதுதான். அது வழிச்செலவுக்கு உதவும். மழைக்காலம் முழுவதும் அடுப்பெரிய உதவாது. ஆகவே கூத்தன் மறுபடியும் நடந்தான்.

இந்த நடையை நிறுத்தியவை கோயில்கள். பல்லவர் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் உவச்சர் என்ற சொல்லை இங்கே நினைவுபடுத்துகிறேன். கோயிலில் ஸ்ரீபலிக்கும் பள்ளியெழுச்சிக்கும் பறையும் சேகண்டியும் காளமும் முழக்கியவர்கள் உவச்சர்கள். காளம் என்பது எக்காளம், நம் பியூகிளின் பெரியப்பன். இவர்களுக்குக் கோயில் கொடுத்தது வாத்தியமன்று, நிலம். உவச்சக்காணி என்றே அதற்குப் பெயர். நிவந்தம் என்ற சொல் பரிசிலுக்கு நேர் எதிர். பரிசில் கையில் விழுவது, நிவந்தம் ஆண்டுதோறும் விளைவது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு இதில் உச்சம். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும், அவர்களோடு ஆடல் கற்பித்தவர், பாடியவர், கொட்டியவர், ஊதியவர் முதலியோருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டன. ஒரு பங்கென்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் நிலம். நானூறு பேர், நூறு கலம் என்ற பெருமிதம்தான் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அதைவிட என்னைக் கவர்ந்தது அதனுள் வரும் ஒரு நிபந்தனை. பங்கு பெற்றவர் இறந்துபட்டாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவர்க்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையேல், தகுதியுடையவரைத் தேடி அமர்த்தவேண்டும். கொடுத்தவன் தன் பெயரை மட்டும் எண்ணவில்லை. இவன் போனபின் யார் கொட்டுவான் என்பதையும் எண்ணியிருக்கிறான். இந்த ஏற்பாட்டில் சாதியின் இறுக்கமும் பரம்பரையின் விலங்கும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. அந்த நிலத்தோடு ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் எல்லாத் தலைமுறைக்கும் கட்டுண்டார்கள். ஆயினும் வாத்தியத்தையன்று, வாசிப்பவனையே பேணவேண்டும் என்ற தெளிவு அந்தக் கல்லில் இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பூந்தமல்லி என்றதும் வரதராசப் பெருமாளும் திருக்கச்சி நம்பியும் நினைவுக்கு வரலாம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயனுக்கு அது படைத்தண்டு. ஐரோப்பியச் சிப்பாய்கள் வந்து தங்கிய முகாம். அங்கு காலையில் பியூகிளும் மாலையில் டிரம்மும் ஒலித்தன. எழுக, உண்க, கூடுக, உறங்குக என்ற கட்டளைகளெல்லாம் அந்த ஐந்து சுரங்களில்தான். கோட்டையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகப் படைகள் நடந்தபோது அச்சாலையோரத்துத் தமிழன் முதன்முதலாக மேற்கத்திய தாளம் கேட்டிருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தப் படையின் இசைக்குப் பணம் தந்தவர் யார்? இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய வியப்பு இதுதான். டிரம்மும் பியூகிளும் அரசாங்கச் செலவு. அவை ஆயுதங்களைப் போலக் கட்டளைக்கான கருவிகள். ஆனால் கிளாரினெட்டும் கொம்பும் சேர்ந்த முழு பேண்டு பெரும்பாலும் அரசாங்கச் செலவன்று. ரெஜிமெண்டின் அதிகாரிகள் தம் சம்பளத்திலிருந்து சந்தா கட்டி நடத்திய ஏற்பாடு அது. பேண்டு நிதி என்று தனியாகவே ஒன்று இருந்தது. வாத்தியம் வாங்கியதும் அதிலிருந்து, பேண்டு மாஸ்டருக்கு ஊதியம் தந்ததும் அதிலிருந்து. அந்த மாஸ்டர்களில் பலர் ஜெர்மானியர் அல்லது இத்தாலியர், படையைச் சேராத குடிமக்கள். ரெஜிமெண்டைக் கடல் கடந்து அனுப்பினால், நான் வரவில்லை என்று விலகிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

அப்படி விலகியவர்களால் நேர்ந்த கூத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரியில் விக்டோரியா அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பு. கூடியிருந்த பேண்டுகளெல்லாம் ஒன்றாக அரச வாழ்த்தை இசைக்கத் தொடங்க, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஒவ்வொரு விதமாக வாசித்து, தளபதிகள் முன்னிலையில் மானம் போயிற்றாம். கதை எவ்வளவு மெய்யோ, 1857இல் லண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப்பள்ளி தொடங்கப்பட்டது மெய். 2021 வரை அந்தக் கட்டிடத்திலேயே அப்பள்ளி இருந்தது. சந்தாவில் நடந்த கலைக்கு ஆசிரியரை உருவாக்கும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்ட நாள் என்று அதைச் சொல்லலாம். உலகையே ஆண்ட படை, டிரம்முக்கு மாஸ்டர் வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு போர் தேவைப்பட்டது. அம்பத்தூர்ப் பள்ளி ஒன்று அதைக் கற்காமல் போனதில் வியப்பென்ன.

சந்தா இன்னொரு இடத்திலும் டிரம்மரை வளர்த்தது. அது வேதனையான கதை. 1789இல் சென்னை எழும்பூரில், இன்று ரயில் நிலையம் இருக்கும் பகுதியில், ராணுவ ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதி தொடங்கப்பட்டது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளே அங்கு மிகுதி. நன்கொடையாலும் கும்பினியின் உதவியாலும் அது நடந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டவர். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, பின்னர் இங்கிலாந்தில் அதை மெட்ராஸ் முறை என்று பரப்பியவர்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எங்கே போவது? 1795இல் கும்பினி ஒரு விதி செய்தது. தாயும் தந்தையும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் போர்வீரராகச் சேர முடியாது. டிரம்மராக, குழல் ஊதுபவராக, பேண்டுக்காரராக, குதிரைக்கு லாடம் அடிப்பவராகச் சேரலாம். துப்பாக்கி மறுக்கப்பட்டவன் கையில் குச்சி கொடுக்கப்பட்டது. விடுதிப் பிள்ளைகள் பலர் டிரம்மர்களும் குழலூதிகளும் ஆனார்கள். சந்தா கட்டிய கனவான்கள் அதை அறமென்றே நம்பியிருப்பார்கள். அறமும்தான். பட்டினி கிடக்க இருந்த பிள்ளைக்கு அது சோறு. ஆனால் தகப்பன் ஏந்திய ஆயுதத்தை மகன் ஏந்தக் கூடாது, அதன் தாளத்தை மட்டும் அடிக்கலாம் என்ற விதியை எண்ணும்போது, டிரம் ஓசையில் எனக்கு வேறொன்றும் கேட்கிறது. அந்த விடுதி 1870களின் தொடக்கத்தில் உதகையின் லாரன்ஸ் விடுதியோடு இணைந்தது. எழும்பூரில் அதன் சுவடு இல்லை.

பெல்லின் முறையில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவது என்பது பேண்டின் உயிர்நாடி. எங்கள் மாஸ்டர் எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் கற்றுத் தந்ததில்லை. பத்தாம் வகுப்பு அண்ணன் எட்டாம் வகுப்புத் தம்பிக்குச் சொல்லித்தந்தான், மாஸ்டர் திருத்தினார். இதனால் செலவு குறைவு. ஆனால் ஈராண்டு, மூவாண்டு நின்றுவிட்டால் சொல்லித்தர அண்ணன்கள் இருக்கமாட்டார்கள். கட்டிடத்துக்கு வரும் பணம் ஓராண்டு தாமதித்தால் கட்டிடம் ஓராண்டு தாமதிக்கும். பேண்டுக்கு வரும் பணம் தாமதித்தால் சங்கிலி அறுந்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும். நன்கொடையாளர்களுக்கு இதை விளக்குவதுதான் கடினம்.

இதே சென்னையின் வடபுறத்தில், மணலியில், வேறொரு கதை நடந்தது. கும்பினியோடு துபாஷ் உறவுடைய மணலி முதலியார் குடும்பம் ராமசாமி தீட்சிதரையும் அவர் மக்களையும் ஆதரித்து வைத்திருந்தது. அவ்வீட்டுச் சின்னையா முதலியார், தீட்சிதர் மைந்தர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயர் பேண்டு வாசிப்பைக் கேட்கச் செய்தார் என்று சுப்பராம தீட்சிதர் எழுதியிருக்கிறார். பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்ததும் அம்முதலியார்தான். முத்துசாமி தீட்சிதர் அந்த பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று இன்றும் குழந்தைகள் பாடுபவை அவை. அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் வந்த வரலாற்றின் முக்கியமான கண்ணி இது. முதலியார் செய்தது என்ன? வயலின் வாங்கித் தந்தது மட்டுமா? கற்பிக்க ஓர் ஆளைத் தேடித் தந்தார். அதன் வட்டியை இருநூறு ஆண்டுகளாக நாம் அனுபவித்து வருகிறோம்.

அரசவைகளும் பேண்டு வைத்திருந்தன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டை வைத்துப் பேணினார். அந்த இசைத்தாள்கள் சரசுவதி மகாலில் உள்ளன. மைசூர் அரண்மனையின் பேண்டுகள், அரண்மனைக் காலம் முடிந்ததும் போலீஸ் துறையிடம் போய்ச் சேர்ந்தன. மன்னன் போனபின் மாதச் சம்பளம் தரக்கூடிய இடம் போலீசும் ராணுவமும்தான். எங்கள் மாஸ்டர் ஒரு பட்டாலியனிலிருந்து வந்தது தற்செயலன்று. ஆவடியைச் சுற்றிச் சிறப்புக் காவல் படையும் மத்திய ரிசர்வ் போலீசும் இருப்பதால்தான், இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஓய்வு பெற்ற பேண்டுக்காரர்கள் கிடைத்தார்கள். அரசு தன் தேவைக்காக வளர்த்த கலையில் சிந்தியதைப் பள்ளிகள் பொறுக்கிக்கொண்டன.

இதுவரை சொன்னவை பேண்டுக்கு நிதி வந்த கதைகள். பேண்டே நிதி திரட்டிய கதை இரட்சணிய சேனையுடையது. 1878இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சார்லஸ் ஃபிரை என்பவரும் அவர் மூன்று பிள்ளைகளும் தெருக்கூட்டத்தில் கொம்பு ஊதியதில் அச்சேனையின் பேண்டு பிறந்தது. 1882 செப்டம்பர் 19 அன்று பிரெடரிக் டக்கரும் மற்ற மூவரும் பம்பாயில் இறங்கினார்கள். தெருவில் வாத்தியத்தோடு ஊர்வலம் போகப் போலீஸ் தடை விதித்தது. டக்கர் தடையை மீறிச் சிறை சென்றார். வாத்தியம் அவர்களுக்கு அலங்காரமன்று. கூட்டம் சேர்ப்பது அதுதான், கூட்டம் சேர்ந்தால்தான் பிரசங்கமும் உண்டியலும். 1886இல் சுயவெறுப்பு வாரம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு வாரம் உணவிலோ வேறு வசதியிலோ ஒன்றைத் துறந்து, அந்தக் காசைச் சேனைக்குத் தருவது. பெரிய மனிதரின் ஒரு காசோலையைவிட நூறு எளியவர்களின் ஒருவேளைத் தேநீர்க் காசு நீடித்து வரும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். நம் வீடுகளின் பிடியரிசிப் பானையும் இதே அறிவுதான்.

அமெரிக்காவில் டிரம் பியூகிள் படை என்பது தனியொரு உலகமாகவே வளர்ந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் மிஞ்சிய பியூகிள்களையும் டிரம்களையும் கொண்டு, முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஊர்தோறும் படைகளை அமைத்தன. 1920களிலேயே போட்டிகள் வந்துவிட்டன. பிற்பாடு சங்கங்களோடு மாதா கோயில் பங்குகளும் சேர்ந்து தெருப் பிள்ளைகளைச் சேர்த்தன. செலவுக்கு எண்ணட்டை விளையாட்டு நடத்தினார்கள், பலகாரம் விற்றார்கள், கார் கழுவினார்கள். 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் தேசியப் போட்டி புதிய அமைப்பின் கீழ் தொடங்கியது. இசையின் தரம் விண்ணை முட்டியது, செலவும் முட்டியது. உள்ளூர்ச் சங்கங்கள் தளர்ந்தன, படைகள் நூற்றுக்கணக்கில் கலைந்தன. எஞ்சியவற்றில் இன்று ஒரு பிள்ளை ஒரு கோடைப் பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்டவேண்டும். புரவலர் விலகும் இடத்தில் கட்டணம் வந்து நிற்கும், கட்டணம் வந்தால் ஐந்து ரூபாய் தர இயலாத பிள்ளை வெளியே நிற்பான். எனக்கு இது பொருளாதாரமன்று, சுயசரிதை.

சென்னைத் தெரு பேண்டுகளையும் மறக்கலாகாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் அவர்களுக்குப் புரவலர் கிடையாது, அன்றைய கூலி மட்டுமே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில்கள் காப்பாற்றும், மார்கழியில் சாவுதான் காப்பாற்றவேண்டும் என்று திருவேற்காட்டில் ஒரு டிரம்பெட்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது கல்யாணங்களில் செண்டை மேளமும் டிஜேயும் வந்துவிட்டன.

என் கடிதத்துக்குத் திரும்புகிறேன். அம்பத்தூரும் ஆவடியும் புரவலர் இல்லாத ஊர்களல்ல. 1949இல் டிஐ சைக்கிள்ஸ், 1950களின் இறுதியில் டன்லப், 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை என்று சங்கு ஊதி விடிந்த ஊர்கள் இவை. பள்ளி விழாவுக்குத் துணியும், விளையாட்டுக்குக் கோப்பையும் ஆலைகள் தந்த காலம் எனக்கு நினைவுண்டு. அது நிறுவனக் கொள்கையன்று. தன் தொழிலாளியின் பிள்ளை அப்பள்ளியில் படித்ததால் வந்த உறவு. டன்லப் மூடியும் திறந்தும் கடைசியில் மூடியே போயிற்று. ஆலைகள் நின்ற இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன.

உறவு போன இடத்தில் சட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. கல்வியும் கலையும் அட்டவணையில் உண்டு. ஆக, கதவு திறந்திருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் சார்பில் அப்பணியைச் செய்யும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் தனியாகப் பதிவு செய்திருக்கவேண்டும். அதற்கு வருமான வரிச் சான்றுகள் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் எங்கள் பள்ளி நடுவில் நிற்கிறது. நான் பேசிய ஒரு நிறுவனத்தின் இளம் அதிகாரி மிக மரியாதையாகச் சொன்னார்: "சார், இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்னா ஒரு வருஷ பட்ஜெட்ல முடிச்சிடலாம். சம்பளம்னா வருஷா வருஷம் அப்ரூவல் வாங்கணும்." அவர் மேல் தவறில்லை. பரிசிலுக்குப் படிவம் இருக்கிறது, நிவந்தத்துக்குப் படிவம் இல்லை.

ஆகவே கடிதத்தில் வாத்தியமே கேட்கவில்லை. தலைமையாசிரியர் முதலில் திகைத்தார். மாஸ்டருக்கு மாதம் 8,000 ரூபாய், ஐந்தாண்டுக்கு 4,80,000 ரூபாய். குச்சி, தோல், பழுது இவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. மாதம் 200 ரூபாய் ஐந்தாண்டு தரும் நாற்பது பேர் போதும் என்று கணக்குப் போட்டு எழுதினேன். பெயர் பொறிக்க இடம் இல்லை என்பதையும் எழுதினேன். கல் கரையும் தமிழ் எதுவும் அதில் இல்லை, கூட்டல் பெருக்கல்தான்.

இதுவரை பதினேழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூவர் வாத்தியம்தான் தருவோம் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். என் வகுப்பில் சிம்பல் அடித்தவன் ஆட்டோ ஓட்டுகிறான், அவன்தான் முதலில் பணம் அனுப்பினான். ஆவடியில் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளை பேண்டில் சேர்க்கவில்லை, இப்போது சேர்ப்பீர்களா என்று கேட்டு எழுதினார். சேர்ப்போம் என்று பதில் போனபின் பெயர் கொடுத்தார். புதிய மாஸ்டர் ஒருவர் கிடைத்திருக்கிறார், இவரும் பட்டாலியன்காரர். சென்ற சனிக்கிழமை வேப்பமரத்தடியில் பதினோரு பிள்ளைகள் தொடையில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாலு பேர் பெண்பிள்ளைகள். பீரோவின் சாவி மட்டும் இன்னும் அலுவலகத்தில் அகப்படவில்லை. பூட்டை உடைக்கத் தீர்மானம் போடவேண்டுமாம்.